பின்கதவின் சில்வர்

அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 சமர்செட் காரில் இடதுபக்கப் பின்கதவு மட்டும் மற்ற மூன்றையும் விட ஒரு சாயல் கறுத்துத் தெரியும். உச்சி வெயிலில் அது பிடிபடாது. பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் சந்தியில் ஹயருக்காகக் கார் நிற்கும்போது பார்த்தால், யாரோ அந்தக் கதவை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

அது 1953ஆம் ஆண்டுக் கார். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. 1995 ஒக்டோபர் 30, யுத்தத்தில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்குப் போன இரவில், எங்கள் வீட்டுச் சாமானும் பக்கத்து வீட்டு ஆச்சியும் அந்தக் காரில்தான் ஏறினார்கள். நாவற்குழிக்குக் கிட்ட, நெரிசலில், ஒரு உழவு இயந்திரப் பெட்டி உரசிப் பின்கதவு உள்ளே போய்விட்டது. அடுத்த வருடம் சித்திரையில் ஊருக்குத் திரும்பியபோதும் அந்தக் கதவு கயிற்றால் கட்டித்தான் இருந்தது.

2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தது. கொழும்பில் இருந்து வராத சாமானெல்லாம் வரத் தொடங்கியது. அப்பாவுக்கு ஒரேயொரு ஆசை: கறுப்புக் காருக்கு மெட்டாலிக் சில்வர் அடிக்க வேண்டும். கராஜில் காரின் உடம்புக்கு ஒரு நாளில் அடித்து முடித்தார்கள். பின்கதவுக்குத் தகரம் வெட்டி ஒட்ட வேண்டியிருந்ததால் அது ஆறு நாள் பிந்தியது. அதைத் தனியாக நிலத்தில் படுக்க வைத்து அடித்துக் கொண்டுவந்து பூட்டினார்கள். அதே டின், அதே ஆள். ஆனாலும் நிறம் சேரவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, காசைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். 2011இல் விற்கும் வரைக்கும், கார் கழுவும்போது முதலில் அந்தக் கதவில்தான் தண்ணீர் ஊற்றுவார்.

அதே டின்னில் இருந்து எப்படி இரண்டு நிறம் வரும்? எனக்கு அதற்கு விடை கிடைக்கப் பல வருடமானது. கிடைத்ததும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் கார் ஒன்றில்.

நான் எட்டு வருடமாக மாடல் கார் செய்கிறேன். வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். மூன்று வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொரன்ரோவில் இருந்து வந்த அண்ணா, ஜப்பானிய மாடல் கம்பனியான தமியாவின் மெர்சிடிஸ் 300 எஸ்எல் பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். 1/24 அளவு. கதவுகள் பறவைச் சிறகு போல மேலே திறக்கும் அந்தக் கார்தான். 1954 முதல் 1957 வரை 1400 கார்கள் மட்டுமே அந்த உருவில் செய்தார்கள். நிஜக் காரின் உடம்பு இரும்புத் தகடு, கதவும் பொனெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். என்ன நிறம் என்று யோசிக்கவே தேவையில்லை. அந்தக் காரை நினைத்தால் கண்ணில் வருவது சில்வர்தான். டிபி 180 என்று மெர்சிடிஸ் குறிக்கும் வெள்ளிச்சாம்பல். கண்ணைக் கூசாத, நிலா வெளிச்சம் மாதிரியான ஒரு வெள்ளி.

கிட் வந்தது, பெயின்ட் வரவில்லை. ஸ்ப்ரே டின்னை விமானத்தில் கொண்டுவர முடியாது, தபாலிலும் அனுப்ப முடியாது. சரி, ஊரில் கிடைப்பதை வைத்துப் பார்ப்போம் என்று ஸ்ரான்லி வீதிக்குப் போனேன். காருக்குப் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையில் ஒரு சில்வரைத் தெரிந்தெடுத்து, நூறு மில்லி வாங்கி வந்தேன். பழைய மாடல் ஒன்றின் பொனெட்டில் அடித்துப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, ஆனால் கார் வரவில்லை. கைக்குள் இருந்தது கல்யாண வீட்டு மின்னல் பொட்டு ஒட்டிய விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

இதில் பெயின்டின் பிழை ஒன்றும் இல்லை. கணக்குத்தான் பிழை. மெட்டாலிக் பெயின்டில் மினுங்குவது அலுமினியச் செதில்கள். நிஜக் காருக்கு அடிக்கும் பெயின்டில் ஒரு செதில் சுமார் 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அகலம் இருக்கலாம், பெரிய செதில் போட்ட பெயின்ட் என்றால் 50 வரைக்கும் போகும். தலைமயிரின் தடிப்பை விடக் குறைவுதான். ஆனால் 1/24 அளவுக் காரில் அதே செதிலை வைத்தால், கண் அந்தக் காரைப் பெரிய காராக நினைத்துப் பார்க்கும்போது, செதிலும் 24 மடங்கு பெருக்கும். 20 மைக்ரோன் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் என்றால் ரவை. ஒரு நிஜ மெர்சிடிஸுக்கு மேல் ரவையைத் தூவி ஒட்டிவிட்டது போல. சின்னக் காருக்குச் சின்னச் செதில் வேண்டும். இதைக் கவனிக்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் மாடல் செய்கிறவர்கள் அதிகம் விடும் பிழை என்று நினைக்கிறேன். டின் மூடியில் இருக்கும் நிறம் சரியாகவே இருக்கும், செதிலின் அளவை மூடி சொல்லாது.

அதனால் வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் தேய்த்துக் காய விட்டு, ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளியாக மினுங்கினால் அது பெரிய காருக்கு. புள்ளியே தெரியாமல் பட்டுத்துணி போல ஒரே ஒளியாகத் தெரிந்தால் நமக்கு. மைக்கா என்ற மினுங்கும் கனிமத் தூள் சேர்த்த நிறங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மைக்கா அலுமினியம் போல வெளிச்சத்தை முழுக்க மறைத்துத் திருப்பி அடிக்காது, தனக்குள் கொஞ்சம் விட்டுத் திருப்பும். அதனால் அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் குணம் மாறும். நீலத்துக்கும் சிவப்புக்கும் மைக்கா நல்ல வடிவு. ஐம்பதுகளின் வெள்ளிக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். இந்தக் காலத்து டொயோட்டாவின் முத்து மினுக்கம் அதில் வந்துவிடும்.

குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருக்கும். கையைத் திருப்பும்போது சில செதில் ஒளிரும், சில அணைந்துவிடும். 1930களில் விலையுயர்ந்த சில கார்களின் பெயின்டில் மீன் செதிலில் இருந்து எடுத்த மினுக்கத்தையே சேர்த்தார்கள். அதைப் படித்த பிறகு சந்தைக்குப் போனால் நான் மீனைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். ஒரு செதில் வெளிச்சத்தை நமக்கு அனுப்புகிறதா, வேறு பக்கம் அனுப்புகிறதா என்பது அது எந்தச் சரிவில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. மெட்டாலிக் பெயின்டின் முழுக் கதையும் இதுதான். சில்வரை நாம் பூசவில்லை, கோடிக்கணக்கான சின்னக் கண்ணாடிகளைப் படுக்க வைக்கிறோம். அவை எப்படிப் படுக்கின்றனவோ அதுதான் நிறம்.

அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது தமியாவின் எல்பி வரிசை லாக்கர் பெயின்ட் கிடைத்தது. 10 மில்லி போத்தல். எல்பி-11 சில்வர் இரண்டு, எல்பி-1 கறுப்பு ஒன்று, எல்பி-9 கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) இரண்டு, அவர்களுடைய தின்னர் ஒன்று. தின்னரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஹார்ட்வெயார் கடைத் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், மேற்பரப்பு வெடித்த வயல் போலக் கோடு கோடாகப் போகும். அதைத் தூரிகை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கரண்டிகள். நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் கரண்டியைக் கழுவி எடுத்து வைப்பேன், வீட்டில் ஒரு பால்மா டின் நிறைய இருக்கிறது. கரண்டியின் முதுகு வளைவு, காரின் மட்காட் வளைவுக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால் தட்டையான துண்டை விட அது உண்மையைச் சொல்லும். ஒன்றில் வெள்ளை அடி, ஒன்றில் சாம்பல், ஒன்றில் மினுங்கும் கறுப்பு அடித்து, மூன்றிலும் ஒரே சில்வரை ஒரே அளவு அடித்தேன். வெள்ளையின் மேல் சில்வர் சோர்ந்து, சுண்ணாம்பு போலத் தெரிந்தது. கறுப்பின் மேல் ஆழம் வந்தது, ஆனால் குரோம் பூசிய பம்பரின் பக்கம் சாய்ந்தது. சாம்பல்தான் நான் தேடிய நிலா வெளிச்சம். அதற்குப் பிறகும் போத்தலில் இருந்த சில்வர் கொஞ்சம் வெள்ளையாகவே இருந்ததால், பல்லுக்குத்தும் குச்சி நுனியில் கறுப்பைத் தொட்டு இரண்டே துளி கலந்தேன். மூன்றாவது துளி விட்ட கரண்டி செத்துப்போனது. கறுப்புத் தூள் செதில்களுக்கு இடையில் போய் உட்கார்ந்து வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் எப்போது அடிப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் அறிவுரை நமக்கு உதவாது. அவர்கள் ஸ்ப்ரே டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் அது ஏற்கனவே சூடாகத்தான் இருக்கிறது. இங்கே பிரச்சினை இரண்டு. மாரியில், ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும், காற்றில் ஈரம் நிறைய. லாக்கரின் தின்னர் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அந்த ஈரம் பெயின்டின் மேல் படிந்து பால் போல வெளிறிவிடும். சில்வரில் அது வெள்ளையாகக்கூடத் தெரியாது, உயிரில்லாத சாம்பலாகத் தெரியும், ஏன் மங்கியது என்று விளங்காமல் இரண்டு நாள் யோசிப்பீர்கள். அப்புறம் சோளகம், தென்மேற்கில் இருந்து வரும் காற்று. வைகாசியில் தொடங்கினால் வலிகாமத்துச் செம்மண் கதவிடுக்கால் எல்லாம் உள்ளே வரும். வெள்ளி நிறத்தின் மேல் ஒரு செம்மண் துணிக்கை ஒட்டினால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்த இடத்தில் செதில்கள் அறுபட்டு அது ஒரு கறுத்த தழும்பாக நின்றுவிடும்.

எனக்கு நல்ல காலம் மாசியும் பங்குனியும். வாடை தணிந்து, சோளகம் எழும்ப முன். காலை ஒன்பதில் இருந்து பதினொன்றுக்குள். பனி ஈரம் போயிருக்கும், உச்சி வெயில் வந்திருக்காது. அதற்குப் பிந்தினால் சூட்டில் பெயின்ட் காரில் படுவதற்கு முன் காற்றிலேயே காய்ந்து, மணல் கடதாசி போலச் சொரசொரப்பாக விழும். குளியலறையில்தான் அடிப்பேன். கால் மணித்தியாலத்துக்கு முன் சுவரிலும் நிலத்திலும் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, தண்ணீர் வடிந்து காயும் வரை காத்திருந்து, பிறகு ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு தொடங்குவேன். மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, பெயின்ட் ஆவிக்கென்று வரும் வடிகட்டி முகமூடி வேண்டும்.

போன வருடம் மாசியில் 300 எஸ்எல்லுக்கு அடித்தேன். உடம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவும் பொனெட்டும் தனித்தனித் துண்டு என்பதால் அவற்றை ஒரு கடதாசி மட்டையில் வரிசையாகப் படுக்க வைத்து அடுத்த ஞாயிறு அடித்தேன். அதே போத்தல், பெயின்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ்ஷில் அதே 0.3 மில்லிமீட்டர் ஊசி, அதே காற்றழுத்தம். காய்ந்த பிறகு கதவுகளை வைத்துப் பார்த்தேன். டியூப்லைட்டுக்குக் கீழ் நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஜன்னலடிக்குக் கொண்டுபோய், பக்கவாட்டு வெளிச்சத்தில் திருப்பினேன்.

இரண்டு கதவும் கறுத்திருந்தன.

கொக்குவிலில் ஓய்வெடுத்திருக்கும் ஒரு ஸ்ப்ரே பெயின்டர் அண்ணை எங்களுக்குத் தெரிந்தவர். நாற்பது வருடம் கார்களுக்கு அடித்தவர். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து மாடலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காரை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், மெல்லச் சுற்றினார்.

"பிள்ளை, கதவைப் படுக்க வச்சோ அடிச்சனீர்?"

"ஓம் அண்ணை."

"உடம்பு நிமிர்ந்து நிண்டிருக்கும். படுத்துக் கிடக்கிறதுக்கு அடிச்சா மருந்து ஈரமா நிக்கும், செதில் கீழ இறங்கி நீந்தும். நிமிர்ந்து நிக்கிறதில அப்பிடி நிக்காது. ரெண்டையும் பூட்டினாப் பிறகு எப்பிடிச் சேரும்?"

பெயின்டை மருந்து என்றுதான் அவர் சொல்வார். பிறகு என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பழைய மட்காட்டுக்கு முன்னால் நிறுத்தி, வெறுங்கையால் அடிக்கிற மாதிரி காட்டினார். தகட்டுக்கு ஒரு சாண் முன்பே கை ஓடத் தொடங்குகிறது, தகட்டைத் தாண்டி ஒரு சாண் போன பிறகுதான் நிற்கிறது. திரும்பி வரும்போதும் அப்படியே. மணிக்கட்டு அசையவில்லை, தோள்தான் போய் வந்தது. "கை எங்க நிக்குதோ அங்க மேகம் கட்டும்," என்றார். ஒரு இடத்தில் பெயின்ட் கூடுதலாக விழுந்தால் செதில்கள் கூட்டமாகச் சேர்ந்து மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரிவதைத்தான் மேகம் கட்டுவது என்கிறார்.

அன்று திரும்பி வரும் வழி முழுக்க நான் மெர்சிடிஸைப் பற்றி நினைக்கவில்லை. ஆறு நாள் பிந்தி, நிலத்தில் படுத்துக் கிடந்து பெயின்ட் வாங்கிய ஏ-40இன் பின்கதவைத்தான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் உரித்தேன். பழைய பிரேக் ஒயிலில் இரவு முழுக்க ஊறப் போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் லாக்கர் கழன்று வந்துவிடும், பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கையுறை போட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மறுபடி சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பிரைமரை 1500 இலக்கக் கடதாசியால் ஈரத்தில் மெல்லத் தேய்த்தேன். சில்வர் எதையும் மறைக்காது, அடியில் இருக்கும் சின்னக் கீறலைக்கூட எடுத்துக் காட்டும். தேய்ப்பதெல்லாம் சில்வருக்கு முன் முடிய வேண்டும்.

இந்த முறை கதவு இரண்டையும் பொனெட்டையும் அதனதன் இடத்தில் வைத்து, உள்பக்கத்தால் டேப் ஒட்டி, முழுக் காராக நிறுத்தினேன். இடுக்குகளுக்குள் பெயின்ட் போய் ஒட்டிக்கொள்ளுமே என்று பயப்படத் தேவையில்லை, மெல்லிய படையாக அடித்தால் ஒட்டாது. ஒரு பங்கு பெயின்டுக்கு இரண்டு பங்கு தின்னர். செதில் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் கோப்பையைக் கலக்கிவிட்டேன். முதல் படை பனி மாதிரி, அடி முழுக்க மறையவே இல்லை. பத்து நிமிடம். இரண்டாவதும் அப்படி. மூன்றாவது கொஞ்சம் ஈரமாக, கை காருக்கு முன்னாலேயே ஓடத் தொடங்கி, பின்னால் போய் நின்றது. கடைசியாக, கையை இரட்டிப்புத் தூரத்துக்கு எடுத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, ஒரு தூவல். அந்தத் தூவல் விழும்போது ஒன்றைப் பார்த்தேன். முன்சில்லுக்கு மேல் புருவம் போலிருக்கும் வளைவில், அதுவரைக்கும் நிழலாக இருந்த இடம், ஒரு நொடியில் மற்ற இடத்தோடு சமமாகியது. புதிய செதில்கள் ஈரமில்லாத மேற்பரப்பில் விழுந்த இடத்திலேயே படுத்துவிட்டன, நீந்துவதற்கு அவற்றுக்கு நேரம் இல்லை.

கிளியருக்கு இரண்டு நாள் விட்டேன். லாக்கர் கிளியர் கீழே இருக்கும் சில்வரை மறுபடி கரைக்கும், முதல் படையையே நனைத்து அடித்தால் படுத்த செதில்கள் எழும்பிவிடும். அதனால் முதல் இரண்டு படை புகை போல, அதற்குப் பிறகுதான் மினுக்கம் வரும்படி ஈரமாக. அடித்து முடித்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது 79. ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மாடலைத் தொடாமல், அது நின்ற மரக்கட்டையை மட்டும் பிடித்துத் திருப்பினார். மேற்கில் இருந்து வெயில் சாய்வாக வந்தது. கூரையில் இருந்து கதவுக்கும், கதவில் இருந்து பின்மட்காட்டுக்கும் வெளிச்சம் எங்கும் தடுக்காமல் போனது. அவர் கதவை மட்டும் நீண்ட நேரம் பார்த்தார், இடதுபக்கக் கதவை.

"இதை எப்ப கழுவலாம்?" என்று கேட்டார்.

"ஒரு கிழமை போகட்டும் அப்பா, இன்னும் இறுகேல்லை."

சரி என்று தலையாட்டிவிட்டு, வாளியை எடுத்து அவரே மூடினார்.